பன்னிரண்டாவது பாட்டு

குணத்துக்குப் பாதித் தலை வெட்டியாகிவிட்டது. இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் ஒரு மாதத்து முடி அப்படியே நின்றது. கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்ன ஒலிபெருக்கியில் ஒரு பியானோ மெதுவாகத் தொடங்கியது.

நாலு கட்டைதான் கேட்டிருக்கும். குணம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

எழுந்தவன் நிற்கவில்லை. துணியோடு, பாதித் தலையோடு, போய்க் கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டான். வெளியே லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் சனிக்கிழமைக் கூட்டம். முருங்கைக்காய்ப் பெட்டியை நடைபாதையில் இழுத்துக்கொண்டு போன ஒரு ஆள் கண்ணாடி வழியே இவனைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன குணம் அண்ணை, பாதியிலை எங்கை போறீங்கள்?" என்றார் அன்ரன். சலூன் அவருடையது. மன்னார்க்காரர், கை வேகம், வாய் அதைவிட வேகம்.

குணம் திரும்பி வந்து உட்கார்ந்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

"ஒண்டுமில்லை அன்ரன். எனக்குக் காட் கிடைச்சுக் கனகாலம். என்ரை காலுக்குத்தான் இன்னும் கிடைக்கேல்லை."

காட் என்றால் வதிவிட அட்டை. இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. அது தலைகாட்டாமல் ஒரு வாரமும் நான் எழுதியதில்லை என்று ஒரு வாசகர் போன மாதம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அது என்ன பாட்டு?" என்று என் முறைக்காகப் பக்கத்தில் காத்திருந்த நான் கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. ஏதாவது கேட்கவேண்டும் போலிருந்தது.

"மகள் போட்டுத் தந்த லிஸ்ற் அண்ணை" என்றார் அன்ரன். "ஒரு சப்பான்காரி. அவவின்ரை பாட்டுகளுக்கை ஆக்கள் கூடக் கேக்கிற பாட்டுகளாம். இதுதான் முதலாவது."

"முதலாவதோ?"

"ஓம். வெளியிலை வந்த நாளிலை இருந்து இதை ஒருத்தராலும் இறக்க ஏலாமல் கிடக்காம். எங்கை போனாலும் சனம் இதைத்தான் கேக்குதாம்."

குணம் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி அன்ரனிடம் சொன்னான். "இது என்னைக் காப்பாத்தின பாட்டு. இந்தா இருக்கிறார் சாட்சி. பொலிஸ் கொந்ரோல் வந்த நேரம் நான் ஓடினன். அண்ணை ஓடேல்லை. அசையாமல் நிண்டவர்."

அன்ரன் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். மரியாதையான பார்வை. நான் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பார்வைதான் இந்த வாரம் இதை எழுத வைக்கிறது.

திரைக்குப் பின்னால்

பதினைந்து பதினாறு வருடம் இருக்கும். இங்கேயே, ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம், கால்வாயை ஒட்டிய தெருவில் ஒரு சப்பானியச் சாப்பாட்டுக் கடை. வாசலில் சிவப்பு விளக்கு, உள்ளே மூங்கில் தட்டி, கொஞ்சம் செயற்கைப் பூ. கடைக்குச் சொந்தக்காரி மதாம் லீ, சீனப் பெண்மணி. முன்னால் நின்று மீன் வெட்டிச் சோற்றை உருட்டியவர் அவருடைய மைத்துனர். திரைக்குப் பின்னால் அரிசி களைந்து, சோறு வடித்து, புளிக்காடி கலந்து, இறைச்சிக் குச்சி சுட்டு, சூப் கொதிக்க வைத்தவர்கள் யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர். நானும் குணமும்.

சப்பானியர் என்று அந்தக் கடையில் ஒரு குஞ்சும் கிடையாது. வந்து சாப்பிட்ட பிரெஞ்சுக்காரருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். சோறு நன்றாக இருந்தது. அதை நான் அடித்துச் சொல்வேன். சோறு வைக்கத் தெரியாத யாழ்ப்பாணத்தானை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

திரையை விலக்கி வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது என்பது மதாமின் முதல் கட்டளை. எங்கள் முகத்தைக் கண்டால் மீனின் ருசி குறைந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்குமே காட் இல்லை.

தங்கச்சி

கடையில் உண்மையாகச் சப்பானிலிருந்து வந்த ஒன்று உண்டென்றால் அது ஒரு இசைத்தட்டு. அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண், கட்டை முடி, சிரிக்கவில்லை. பெயரை வாசிக்க எங்களுக்கு எழுத்துத் தெரியாது. குணம் அவளுக்குத் தங்கச்சி என்று பெயர் வைத்தான். அவளுடைய நல்ல பாட்டுகளாகத் தெரிந்தெடுத்துப் போட்ட தட்டு என்று மதாம் சொன்னா. மொத்தம் பன்னிரண்டு.

காலை பத்தரைக்குத் தங்கச்சி தொடங்குவாள். பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வாயை மூடுவாள். ஒரு சொல் விளங்காமல், கடைசிப் பாட்டைத் தவிர அத்தனையும் எங்களுக்கு மனப்பாடம். எங்களிடம் மணிக்கூடு பார்க்கிற வழக்கம் இல்லை. முதல் சுற்றில் இரண்டாவது பாட்டு வந்தால் சோற்றுப் பானையில் ஆவி வரவேண்டும், அதனால் அது சோற்றுப் பாட்டு. ஐந்தாவது வரும்போது மீன் வண்டிக்காரன் வருவான், மதாம் அவனோடு சண்டை பிடிப்பா, அது சண்டைப் பாட்டு. ஒன்பதாவதில் அவளுடைய குரல் மேலே ஏறிப்போய் ஒரு இடத்தில் உடைந்து நிற்கும். அந்த நேரம் நாங்கள் எப்போதும் வெங்காயத்தில் நிற்போம். குணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளுக்கு எங்களைப் பற்றித் தெரியும் போலை" என்பான்.

எனக்கு வாய்ப்பாட்டுச் சங்கீதம் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது. முதலில் அவளுடைய குரலை நான் மதிக்கவில்லை. ஏதோ சின்னப்பிள்ளை சிணுங்குகிற மாதிரி இருந்தது. ஆறு மாதம் கேட்ட பிறகுதான் அவள் எவ்வளவு கவனமாக மூச்சை எடுக்கிறாள் என்று விளங்கியது. கஷ்டப்பட்டுப் பாடுவதைக் காட்டிக்கொள்ளாமல் பாடுகிறவள். அப்படி வேலை செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

பதினொன்று முடிந்ததும் மதாம் பொத்தானை அமத்தி மறுபடி முதலாவதுக்குப் போவா. பன்னிரண்டாவதை விடவே மாட்டா. அது பியானோவோடு மட்டும் பாடுகிற, மிக மெதுவான பாட்டு. அதைப் போட்டால் சாப்பிட்டு முடித்தவர்களும் எழும்பாமல் இருந்துவிடுகிறார்கள், வாசலில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று சொல்லுவா. அதை நாங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டோம். தட்டின் கடைசியில் கிடக்கிற பாட்டு, மதாமும் தள்ளிவிடுகிற பாட்டு. ஆக, ஒருவரும் விரும்பாத பாட்டு.

ஒருவரும் கேட்காத பாட்டு

தொழில் பரிசோதகர்களும் பொலிசும் சேர்ந்து ஒரு வாரம் ஒபர்வில்லியேப் பக்கம் பட்டறைகளுக்குள் புகுந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு மதாம் பயந்துவிட்டா. பிடிபட்டால் நாங்கள் மட்டுமில்லை, அவவின் கடையும் போய்விடும். கொந்ரோல் வாசலில் வந்தால் திரைக்குப் பின்னால் இருக்கிற எங்களுக்கு எப்படித் தெரியவைப்பது? மணி வைக்கலாம் என்றா. மணி அடித்தால் வந்தவனுக்கும் கேட்குமே. கூப்பிட்டால் அதைவிட மோசம்.

"பாட்டை மாத்துங்கோ மதாம்" என்றேன். "பன்னிரண்டாவதைப் போடுங்கோ. அதை இஞ்சை ஒருத்தரும் கேக்கப்போறேல்லை."

யோசனை என்னுடையது. அன்றைக்கு எனக்கே என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. குணம் என் முதுகில் தட்டினான்.

ஒழுங்கையும் நானே வகுத்தேன். பியானோ கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பின்கதவு. முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்கு இடையால் மற்றத் தெரு. ஓடாமல் நடக்கவேண்டும். போனை நிறுத்திவிடவேண்டும், வீடு போய்ச் சேரும்வரை திறக்கக்கூடாது. அன்றைக்குத் திரும்பி வரக்கூடாது.

இரண்டு முறை அந்தப் பாட்டு வந்தது. முதல் முறை உண்மையான கொந்ரோல். இரண்டாவது முறை வந்தவர்கள் குளிர்ப்பெட்டியின் சூட்டை அளந்துவிட்டுப் போனார்களாம். இரண்டு முறையும் நானும் குணமும் சேர்ந்தே போனோம். ஏப்ரனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தோம். கையெல்லாம் புளிக்காடி மணம். குணம் அந்த நாலு கட்டையை வாயால் வாசித்துக் காட்டிச் சிரிப்பான். அதற்குப் பிறகு பாட்டு எப்படிப் போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

பதினைந்து நாள்

பிறகு எனக்குக் காட் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று முன்னைய ஒரு இதழில் எழுதிவிட்டேன். குணத்தின் மனுவை நிராகரித்திருந்தார்கள். ஊரிலிருந்து புதிய கடிதங்கள் எடுப்பித்து, அடுத்த மாதம் மறுபடி விண்ணப்பிக்க ஆயத்தமாக இருந்தான். ஊரில் அவனுக்கென்று பேசி வைத்த பெண் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படத்தை மசாலாச் சரக்கு வைக்கிற தட்டுக்கு உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தான். மதாமுக்குத் தெரியாது.

காட் கையில் வந்த பிறகு நான் எப்படி மாறினேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். நான் கெட்டவனாகவில்லை. ஒருவரையும் மட்டமாகப் பார்க்கவில்லை. நித்திரை வந்தது, அவ்வளவுதான். பொலிஸ்காரனைக் கண்டால் தெரு மாறுவதை மறந்தேன். பின்கதவுக்குக் குறுக்கே அரிசி மூட்டை வைக்கக்கூடாது என்பதை மறந்தேன். குணம்தான் பேசாமல் அதை இழுத்து வைப்பான். எனக்கு அந்தப் பயம் கழன்றுபோன வேகத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நாட்களில் மதாமின் தங்கை மகள் கல்லாவுக்கு வந்து சேர்ந்தாள். "அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டாவது பாட்டைப் பற்றி நீயே சொல்லிவிடு" என்றா மதாம் என்னிடம். சரி என்றேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. வேலை கூட என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கு இனித் தேவையில்லாத ஒன்று என் நாக்கில் ஏறவில்லை என்பதுதான் உண்மை.

அவள் வந்த நாலாம் நாள், எனக்குக் காட் கிடைத்துப் பதினைந்தாம் நாள், மதியம் அந்தக் கடைக்கு ஒரு உண்மையான சப்பானியப் பெண்மணி தனியாகச் சாப்பிட வந்தா.

நாலு கட்டை

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் தண்ணீர். தண்ணீர் தெளிய வேண்டும், அதுவரை விடக்கூடாது. பியானோ தொடங்கியது. எனக்குக் கேட்டது. கேட்டும் நான் நிமிரவில்லை. நல்ல பாட்டு என்று நினைத்தேன். ஐந்தாவது கட்டை, ஆறாவது கட்டை. இதற்குப் பிறகு இப்படியா போகிறது என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்கூட.

பின்கதவு அடிபட்ட சத்தத்தில்தான் எனக்குச் சுரணை வந்தது. திரும்பினேன். குணம் இல்லை. அவன் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளரிக்காய் பாதியில் கிடந்தது.

திரையை விலக்கினேன். பொலிஸ் இல்லை, பரிசோதகர் இல்லை. யன்னலோரம் அந்தப் பெண்மணி சாப்பிடும் குச்சிகளை வைத்துவிட்டு, கையை மேசையில் ஊன்றி, பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தா. கல்லாவில் நின்ற அந்தத் தங்கை மகள் சிரித்தபடி, "அவவுக்கு இந்தப் பாட்டு வேணுமாம்" என்றாள்.

நான் ஏப்ரனோடு ஓடினேன். முற்றம், தெரு, கால்வாய்க் கரை. நடக்கவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், அவனோ ஓடியிருக்கிறான். போன் அடித்துப் பார்த்தேன். நிறுத்தியிருந்தது. அதுவும் நான் போட்ட ஒழுங்கு.

திரும்பி வந்தபோது அந்தப் பெண்மணி பாட்டை முடியும்வரை கேட்டுவிட்டு எல்லோருக்கும் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டிருந்தா. சமையலறையில், ஆணியில், குணத்தின் ஜாக்கெட் தொங்கியது. அதற்குள் அவனுடைய ரயில் மாதச் சீட்டு இருந்தது.

குணம் குடியிருந்த வில்லியே லே பெல்லுக்குப் போகிற ரயிலில் சீட்டுப் பரிசோதித்தார்கள். சீட்டு இல்லை. அடையாளம் கேட்டார்கள். அதுவும் இல்லை. சென் டெனி நிலையம் தாண்டவில்லை அவன்.

ஓம்

தடுப்பு நிலையத்துக்கு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் கழுவிய மணம். குணம் வந்து உட்கார்ந்தவுடன் கேட்டான்.

"உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே? கடுமையான கொந்ரோலோ அண்ணை?"

"ஓம்" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். அதை வாயில் போட்டுத் தந்ததும் அவன்தான். பிறகு அதைத் திருப்பி எடுக்க நேரம் அமையவில்லை என்று எழுதலாம். அமைந்தது. பதினைந்து வருடம் அமைந்தது.

சில வாரத்தில் நீதிபதி அவனை வெளியே விட்டார். ஆனால் நாட்டை விட்டு வெளியேறச் சொன்ன கட்டளை அவன் தலைக்கு மேலே தொங்கியது. மறுபடி விண்ணப்பிக்கிற நாள் உள்ளே இருக்கும்போதே போய்விட்டது. எல்லாம் சரிவர நாலு வருடம் எடுத்தது. ஊரில் அவனுக்குப் பேசி வைத்த பிள்ளையின் தகப்பன் இரண்டு வருடம் பார்த்தார். பிறகு கனடாவில் கட்டிக்கொடுத்துவிட்டார். மதாம் லீ கடையை விற்றுவிட்டுப் போனா. நடந்ததை அறிந்தவர்கள் போய்விட்டார்கள். நான் மட்டும் மிஞ்சினேன்.

எனக்கு நான் சொல்லிவந்த சமாதானம் இதுதான்: பத்தாயிரத்தில் ஒருத்தி வந்து, ஒருவரும் கேட்காத ஒரு பாட்டைக் கேட்டுவிட்டாள். யாரால் அதை எதிர்பார்க்க முடியும்?

அன்ரனின் சலூனில் அந்தச் சமாதானம் உடைந்தது. அவளுடைய பாட்டுகளில் உலகமே விரும்பிக் கேட்கிற பாட்டை எடுத்துத்தான் நான் அபாய மணியாகக் கட்டியிருக்கிறேன். சப்பானியச் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு சப்பானியர் வந்தால் கேட்கக்கூடிய முதல் பாட்டே அதுதான். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு யாராவது கேட்டிருப்பார்கள்.

குணத்துக்கு இன்று நல்ல மனைவி, இரண்டு நல்ல பிள்ளைகள். பிடிபடாமல் இருந்திருந்தால் இவர்கள் ஏது என்று நினைத்து மனதை ஆற்றப் பார்த்ததும் உண்டு. அது என்னுடைய கணக்கில் வரக்கூடாது. அந்த நாலு வருடத்தை அவனுக்குப் பதிலாக நான் மன்னித்துவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை

சலூனுக்கு அடுத்த நாளே வில்லியே லே பெல்லுக்கு, குணம் வீட்டுக்குப் போனேன். ஆறாம் மாடி. பிள்ளைகள் உள்ளறையில் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் வந்து என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போனாள். குணம் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தான். நான் கதவோரம் நின்று சொன்னேன். பாட்டைத் தெரிந்தெடுத்தது, கல்லாப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டது, ஏன் விட்டேன் என்பது, எல்லாம்.

அவன் திரும்பவில்லை. களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தான்.

"நான் ஓடேக்கை உங்களைத் திரும்பிப் பாத்தனான்" என்றான் கடைசியாக. "நீங்கள் அரிசியிலை கை வைச்சபடி நிண்டீங்கள். அண்ணைக்குக் காட் இருக்கு, நிண்டு சமாளிக்கப் போறார், எனக்கு நேரம் எடுத்துத் தரப்போறார் எண்டு நினைச்சனான்."

"நான் மறந்து நிண்டனான் குணம்."

"ம்."

தண்ணீர் தெளிந்தும் அவன் குழாயைப் பூட்டவில்லை.

"அந்தப் பொம்பிளை பாட்டை முழுக்கக் கேட்டவவோ?"

"ஓம். முடியுமட்டும்."

"எனக்கு அதிலை நாலு கட்டைதான் தெரியும்" என்றான்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. எப்போதும் பஸ் தரிப்பிடம்வரை வருகிறவன் அன்றைக்கு வரவில்லை. ரயிலில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. எதிரே இருந்த பெண் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

வியாழக்கிழமை

நான் இப்போது ஒபர்வில்லியேயில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வியாழக்கிழமை மதியம், பிள்ளைகளின் தட்டுகள் கழுவ வந்த நேரம், போன் அடித்தது. குணம்.

"அண்ணை, அதைப் பேப்பரிலை எழுதப்போறீங்களோ?"

"நீ வேண்டாம் எண்டால் எழுதமாட்டன்."

"எழுதுங்கோ. பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனா சலூனிலை சொன்னதை நான் மாத்தமாட்டன். பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். மாத்தினால், நான் ஏன் ஓடினனான் எண்டு அதுகளுக்கு என்னத்தைச் சொல்லுறது? ஒருத்தரும் துரத்தாமலே ஓடினனான் எண்டோ?"

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு தட்டைக் கழுவினேன். தட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

"கோவம் இருக்கு அண்ணை. இல்லையெண்டு சொல்லேல்லை. நான் இந்தக் கிழமை பேப்பர் வாங்கமாட்டன். அவ்வளவுதான்."

அன்ரன் வாசிப்பார். அடுத்த முறை அவர் கண்ணாடியில் என்னை எப்படிப் பார்க்கிறாரோ, அதை நான் நிமிர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

லா சப்பலில் மெட்ரோப் பாலத்துக்குப் பக்கத்து மரக்கறிக் கடையில், இந்தப் பத்திரிகை வந்தவுடன் கடைக்காரர் ஒன்றை எடுத்து மேல் ஓரத்தில் 'குணம்' என்று எழுதிக் கல்லாவுக்குக் கீழே வைப்பார். இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து அவன் ஒன்றும் தவறவிட்டதில்லை. இந்த வாரமும் எழுதி வைத்திருப்பார். போகிறவர்கள் பாருங்கள், அது அங்கேயேதான் கிடக்கும்.